மருந்துக்கு முன் அளவு: இருமல், தொய்வு (ஆஸ்துமா) பற்றிய வாசகர் கேள்விகள்

வாடைக்காற்றோடு மழை பிடித்ததும் திருகோணமலை மாவட்டத்திலிருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இருமலைப் பற்றியவை. இம்முறை பலர் பரிசோதனை அறிக்கையின் எண்களையும் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அந்த எண்களை எப்படி வாசிப்பது என்பதற்கே இந்தப் பகுதியை ஒதுக்கியிருக்கிறோம்.

வாசகி, உப்புவெளி (வயது 34): மூன்று மாதமாக இரவில் வறட்டு இருமல். முட்டு இல்லை, இழுப்புச் சத்தமும் இல்லை. எக்ஸ்ரே சுத்தம். சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை என்று வந்துவிட்டது. இரத்த அறிக்கையில் வெள்ளணு 9,200, இயோசினோபில் 7 சதவீதம். ஒருவர் தொய்வு என்கிறார், இன்னொருவர் வெறும் அலர்ஜி என்கிறார். எது சரி?

இயோசினோபில் என்பது வெள்ளணுக்களில் ஒரு வகை. அதன் சதவீதத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். 9,200ஐ 7ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் 644. பெரும்பாலான ஆய்வுகூடங்கள் இயோசினோபிலின் மேல் எல்லையை 400 அல்லது 500 என்று அச்சிடுகின்றன. ஆகவே உங்களுடையது கூடுதல். வெள்ளணு 4,000 மட்டுமே இருக்கும் ஒருவருக்கு இதே 7 சதவீதம் 280தான், அது சாதாரணம். சதவீதத்துக்கு எதிரே சிவப்புக் கோடு இருப்பதை மட்டும் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள்.

தொய்வுக்குப் பொருந்தும் அறிகுறிகள் உள்ள வளர்ந்தவர் ஒருவருக்கு இந்த எண்ணிக்கை ஆய்வுகூட எல்லையைத் தாண்டினால், அதை வைத்தே தொய்வு என்று உறுதிப்படுத்தலாம் என்று 2024இல் வெளிவந்த பிரித்தானிய வழிகாட்டி சொல்கிறது. ஆனால் ‘பொருந்தும் அறிகுறிகள்’ என்ற நிபந்தனையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளக் கூடாது. உங்களுக்கு இருப்பது இருமல் மட்டும். அப்படி இருமலாக மட்டுமே வெளிப்படும் தொய்வும் உண்டு; 1979இலேயே அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். 1989இல் இன்னொன்று விவரிக்கப்பட்டது: சளியில் இயோசினோபில் நிறைய இருக்கும், இருமலும் இருக்கும், ஆனால் மூச்சுக்குழாய் சுருங்காது. அது தொய்வு அல்ல, இயோசினோபில் மூச்சுக்குழாய் அழற்சி. உறிஞ்சும் ஸ்டீரொயிட் இரண்டுக்கும் கேட்கும். மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமோல் (நீல இன்ஹேலர்) முதலாவதுக்குக் கேட்கும், இரண்டாவதுக்குக் கேட்காது.

எதுவும் தொடங்கும் முன் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது புழு. கொக்கிப் புழுவும் ஸ்ட்ரொஞ்சிலொயிடிஸ் என்ற நூல்போன்ற புழுவும் வெறுங்காலில் மண்ணில் நடப்பவர்களின் தோல் வழியே ஏறும். இரண்டும் இயோசினோபிலைக் கூட்டும். ஸ்ட்ரொஞ்சிலொயிடிஸ் உடலில் இருக்க, ஸ்டீரொயிட் மாத்திரை கொடுத்தால் அது உடல் முழுவதும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். வழக்கமான பூச்சி மருந்து அதற்குப் போதாது, ஐவர்மெக்டின் வேண்டும். வயல், தோட்டம் என்று வெறுங்காலில் நடந்த பழக்கம் இருந்தால் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், மலப் பரிசோதனையும் செய்யுங்கள்.

இரண்டாவது, எண்ணிக்கை 3,000ஐத் தாண்டினால் யோசனையை மாற்ற வேண்டும். யானைக்கால் நோய்க் கிருமிக்கு நுரையீரல் காட்டும் எதிர்வினையும் இரவு இருமலாகவும் இழுப்பாகவுமே வரும். இலங்கையில் அது மேல், தென், வடமேல் மாகாணங்களுக்கு உரிய நோயாக இருந்தது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அது ஒழிக்கப்பட்டதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. அங்கே நெடுநாள் இருந்துவந்தவர்கள் அதையும் சொல்ல வேண்டும். அதற்கான மருந்து வேறு, 3 வாரம் எடுக்க வேண்டியது. 644 அந்தக் கணக்கில் வராது.

மூன்றாவது, இரத்தம் எடுத்த நாளில் என்ன மருந்தில் இருந்தீர்கள் என்பது. பாமசியில் இருமலுக்கென்று சரையில் மடித்துத் தரும் நாலைந்து மாத்திரைகளில் ஒன்று பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட்டாக இருக்கலாம். அது உடலுக்குள் போன சில மணி நேரத்திலேயே இயோசினோபில் சரிந்துவிடும். ஐந்து நாள் குடித்துவிட்டு இரத்தம் கொடுத்தால் எண் சுத்தமாக வரும். தொய்வு இல்லை என்று எழுதப்படும். மருந்து தீர்ந்து இரண்டு வாரத்தில் இருமல் திரும்பும். தொய்வு கண்டுபிடிக்கப்படாமல் இழுபடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். சரையில் தரும் ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

இவை தெளிந்த பின் இரண்டு வாரம் பீக் ஃபுளோ (பலமாக ஊதும் மூச்சின் உச்ச வேகம்) அளந்து எழுதுங்கள். முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, எழுந்து நின்று, நெஞ்சு நிறைய மூச்செடுத்து, உதட்டால் குழாயை இறுகக் கவ்வி, ஒரே மூச்சில் பலமாக ஊத வேண்டும். நீளமாக ஊதத் தேவையில்லை. மூன்று தடவை ஊதி அதிகமானதை எழுதுங்கள். சராசரி எடுக்க வேண்டாம். காலை எழுந்ததும் ஒன்று, மாலை ஒன்று. நாக்கு குழாய் வாயை மறைத்தால் எண் குறையும். கன்னத்தை உப்பி, எச்சில் துப்புவதுபோல் ஊதினால் பொய்யாகக் கூடும். காலையில் 310, மாலையில் 400 என்றால் இடைவெளி 90, சராசரி 355. 90ஐ 355ஆல் வகுத்தால் 25 சதவீதம். இப்படி ஒவ்வொரு நாளுக்கும் கணக்கிட்டு, இரண்டு வாரத்தின் சராசரியைப் பார்க்க வேண்டும். பிரித்தானிய வழிகாட்டிக்கு 20 சதவீதம் வேண்டும். ஜினா என்ற உலகத் தொய்வு வழிகாட்டி வளர்ந்தவருக்கு 10க்கு மேல் என்றாலே ஏற்றுக்கொள்கிறது. இடையில் விழுந்தால் ஸ்பைரோமெட்ரி (ஊதும் மூச்சின் அளவைக் கருவியில் பதியும் சோதனை) செய்வதே நல்லது.

ஏற்ற இறக்கம் நன்றாகத் தெரிந்தால் அது தொய்வு. தெரியாமல் இயோசினோபில் மட்டும் கூடியிருந்தால் இயோசினோபில் மூச்சுக்குழாய் அழற்சியை நினைக்க வேண்டும். இரண்டிலும் உறிஞ்சும் ஸ்டீரொயிட்டை 6 முதல் 8 வாரம் தவறாமல் எடுத்துப் பார்க்க வேண்டும், ஒரு வாரத்தில் கைவிடக் கூடாது. எட்டு வாரத்திலும் இருமல் அசையாவிட்டால் அளவைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. மூக்கடைப்பு, நெஞ்செரிவு, எதுக்களிப்பு என்று வேறு வழியில் தேட வேண்டும்.

வாசகர், திருமலை நகர் (வயது 41): கொழும்பில் ஃபீனோ என்ற கருவியில் ஊதச் சொன்னார்கள். 31 பிபிபி, ‘நடுத்தரம்’ என்று எழுதியிருக்கிறது. இரவு பஸ்ஸில் போய், காலையில் இரண்டு சிகரெட் குடித்துவிட்டுத்தான் போனேன். முதலில் ஸ்பைரோமெட்ரி, உடனேயே இது. அதற்கு முந்திய இரண்டு வாரமும் அண்ணாவின் பிரவுன் இன்ஹேலரை எடுத்து வந்தேன். 31 என்றால் என்ன?

உங்கள் கடிதத்தில் உள்ள விவரங்களைப் பார்த்தால், உண்மையான அளவு இதைவிடக் கூடுதலாக இருந்திருக்கலாம்.

ஃபீனோ என்பது வெளிவிடும் மூச்சில் உள்ள நைத்திரிக் ஒட்சைட்டு வாயுவின் அளவு. பிபிபி என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. வாகனப் புகையில் உள்ள மாசாகவும் அறியப்பட்ட இந்த வாயு மனித மூச்சிலும் இருக்கிறது என்று 1991இல் சுவீடனில் கண்டறிந்தார்கள். தொய்வுக்காரரின் மூச்சில் அது கூடுதல் என்பது 1993இல் தெரிந்தது. ஒவ்வாமை சார்ந்த அழற்சியில் ஐ.எல்.-13 என்ற புரதம் சுரந்து, மூச்சுக்குழாயின் உட்புறக் கலங்களில் இந்த வாயுவை உண்டாக்கும் நொதியத்தை முடுக்கிவிடுகிறது. இரத்த இயோசினோபிலைப் பெருக்குவது ஐ.எல்.-5 என்ற வேறொரு புரதம். அதனால்தான் ஒருவருக்கு ஒன்று கூடி மற்றது சாதாரணமாக இருப்பதும் உண்டு. இரண்டும் கூடியிருந்தால் சந்தேகம் வலுப்படும்.

வளர்ந்தவருக்கு 25க்குக் கீழ் என்றால் ஸ்டீரொயிட்டுக்குக் கேட்கும் அழற்சி இருக்க வாய்ப்புக் குறைவு. 50க்கு மேல் என்றால் வாய்ப்பு அதிகம். இடைப்பட்டது அறிகுறியோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அந்த எல்லைகள் 20, 35.

இனி உங்கள் விஷயம். சிகரெட் இந்த எண்ணைக் குறைக்கும். ஸ்பைரோமெட்ரியில் பலமாக ஊதுவதும் சற்று நேரத்துக்குக் குறைக்கும். ஆகவே ஃபீனோ முதலில், ஸ்பைரோமெட்ரி பிறகு என்பதே முறை. எல்லாவற்றையும்விட, அண்ணாவின் பிரவுன் இன்ஹேலர் ஸ்டீரொயிட்டாகவே இருக்க வேண்டும். அதைத் தொடங்கிய சில நாளிலேயே எண் இறங்கத் தொடங்கும். மூன்றும் ஒரே பக்கம் இழுத்திருக்கின்றன, அப்படியும் 31 வந்திருக்கிறது. மறுபக்கம் இழுப்பவையும் உண்டு: கீரை, பீட்ரூட், லெட்டியூஸ் போன்ற நைத்திரேற்று நிறைந்த சாப்பாடு, தடிமன் காய்ச்சல், ஒவ்வாமைத் தும்மல். ஆண்களுக்கும் உயரமானவர்களுக்கும் இயல்பிலேயே சற்றுக் கூடும்.

மறுபடி செய்வதானால் அன்று காலை கீரையும் பீட்ரூட்டும் வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்து சாப்பாடு, தேநீர், சிகரெட், ஓட்டம் எதுவும் வேண்டாம். தடிமன் இருந்தால் நாளைத் தள்ளிப் போடுங்கள். மருந்தை நிறுத்துவதா என்பதை மட்டும் நீங்களாக முடிவெடுக்காமல் டொக்டரிடம் கேளுங்கள்.

ஊதும் முறை பீக் ஃபுளோவுக்கு நேர்மாறானது. மூச்சை முழுதாக வெளியேவிட்டு, கருவியின் வடிகட்டி வழியே வாயால் நிறைய உள்ளிழுத்து, செக்கனுக்கு 50 மில்லிலீற்றர் என்ற மெதுவான ஒரே வேகத்தில் 10 செக்கன் ஊத வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு 6 செக்கன் போதும். திரையில் உள்ள குறி நடுவில் நிற்க வேண்டும். வேகம் கூடினால் வாயு ஐதாகி எண் குறைந்துவிடும். கருவி ஊதுவதற்குச் சிறு தடை கொடுப்பதற்கும் காரணம் இருக்கிறது: அந்த அழுத்தத்தில் மென்னண்ணம் மேலெழுந்து மூக்குப் பாதையை அடைக்கும். மூக்கைச் சுற்றியுள்ள குழிகளில் இந்த வாயு மிக அதிகம். அது கலந்தால் எண் பொய்யாகிவிடும். மூக்கால் மூச்செடுத்துவிட்டு ஊதினால் தவறாவதும் இதனால்தான்.

இப்போதைக்கு உங்கள் கையில் இருக்கும் ஸ்பைரோமெட்ரி அறிக்கையே அதிகம் பேசும். சல்பியூட்டமோல் எடுத்த பின் முதல் செக்கனில் ஊதிய அளவு 12 சதவீதமும் 200 மில்லிலீற்றரும் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து கூடியிருந்தால், தொய்வு என்று எடுப்பதற்கு ஃபீனோ 31 ஆக இருப்பது தடையில்லை. சிகரெட்டைப் பற்றி ஒன்று: புகைப்பவருக்கு உறிஞ்சும் ஸ்டீரொயிட் சரியாக வேலை செய்வதில்லை. விட்டுவிடுங்கள்.

வாசகி, கிண்ணியா: வாப்பாவுக்கு 61 வயது. நாலு மாதமாகத் தொண்டையில் கிச்சுகிச்சு மூட்டி இருமல். பிரஷருக்கு எனலாப்ரில் குடிக்கிறார். அவருக்கும் இந்தப் பரிசோதனைகள் வேண்டுமா?

முதலில் எனலாப்ரிலைப் பாருங்கள். அந்த வகை மருந்துகள், கப்டோப்ரில், லிசினோப்ரில் உட்பட, சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். தொடங்கிப் பல மாதம் கழித்தும் வரலாம். கிளினிக்கில் சொன்னால் லொசார்ட்டன் போன்ற வேறொன்றுக்கு மாற்றுவார்கள். பிரஷர் மருந்தைத் தானாக நிறுத்த வேண்டாம். மாற்றியதும் அடுத்த நாளே இருமல் நிற்காது. பெரும்பாலும் 1 முதல் 4 வாரம், சிலருக்கு 3 மாதம் வரை எடுக்கும்.

ஆனால் வாப்பாவின் சளியையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமும் எவரும் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். மாவட்ட மார்பு நோய்க் கிளினிக்கில் அது இலவசம். இந்த வயதில் எக்ஸ்ரேயும் கட்டாயம். உடல் மெலிவு, சளியில் இரத்தம், இரவு வியர்வை இருந்தால் இந்த வாரமே போங்கள்.

வாசகர், குச்சவெளி: சளி பச்சையாக வந்தால் கிருமிதானே? அன்டிபயோட்டிக் எடுக்கலாமா?

நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. இயோசினோபில் நிறைந்த சளியும் மஞ்சளாக, பச்சையாக வரும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால்தான் எந்த வெள்ளணு என்று தெரியும். இயோசினோபில் 3 சதவீதத்தைத் தாண்டினால் அது ஸ்டீரொயிட்டுக்குக் கேட்கும் அழற்சி. சளி வராதவர்களுக்குச் சல்பியூட்டமோல் கொடுத்த பிறகு, 3 முதல் 5 சதவீத உப்புநீரை ஆவியாக்கி மூச்சில் கொடுத்து இருமிக் காறச் சொல்வார்கள். எச்சில் கலந்தால் வீண். கலங்கள் சிதையும் முன், ஏறக்குறைய 2 மணி நேரத்துக்குள் ஆய்வுகூடத்தில் கையாள வேண்டும். நல்ல சோதனை, ஆனால் ஆளும் நேரமும் வேண்டும். அதனால் பெரிய மையங்களிலேயே செய்கிறார்கள்.

ஒரு தாய், மூதூர்: மகனுக்கு 4 வயது. மாதம் ஒருமுறை இருமலும் இழுப்பும் வந்து நெபுலைஸ் பண்ணுகிறோம். ஐ.ஜி.ஈ. 480 என்று வந்திருக்கிறது. தொய்வு உறுதியா?

இல்லை. ஐ.ஜி.ஈ. என்ற இரத்த எதிர்ப்புப் புரதம் கூடியிருந்தால் ஒவ்வாமைப் போக்கு இருக்கலாம் என்று மட்டும்தான் சொல்லலாம். புழு இருந்தாலும் கூடும், தோல் கிரந்தி இருந்தாலும் கூடும். ஐந்து வயதுக்குக் கீழ் ஃபீனோவும் ஸ்பைரோமெட்ரியும் நம்பும்படி செய்ய முடியாது. இந்த வயதில் கேட்டறிவதும் மருந்து கொடுத்துப் பார்ப்பதுமே வழி. தடிமன் இல்லாத நாளிலும் இருமுகிறானா, ஓடி விளையாடினால், சிரித்தால், அழுதால் இருமுகிறானா, குடும்பத்தில் தொய்வு உண்டா என்பவை ஐ.ஜி.ஈ.யைவிடப் பெறுமதியான தகவல்கள். இழுக்கும்போது போனில் வீடியோ எடுத்து வையுங்கள். கிளினிக்குக்குப் போகும் நாளில் நெஞ்சு சுத்தமாகத்தான் இருக்கும்.

சந்தேகம் வலுத்தால் குறைந்த அளவு உறிஞ்சும் ஸ்டீரொயிட்டை முகமூடி பொருத்திய ஸ்பேசரில் (இன்ஹேலரைச் செருகும் குழாய்) 8 முதல் 12 வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். குணம் தெரிந்தால் நிறுத்திவிட்டு அடுத்த 3 மாதத்துக்குள் திரும்ப வருகிறதா என்று பார்ப்பார்கள். நின்று, திரும்பி வந்தால் அதுவே பெரிய சான்று. இந்தச் சோதனை தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் கைப்பழக்கம்தான். முகமூடி மூக்கையும் வாயையும் இடைவெளியின்றி மூட வேண்டும். ஒரு தடவை அமுக்கி, பிள்ளை ஐந்தாறு மூச்சு எடுத்த பிறகே அடுத்தது. அழும் பிள்ளைக்குக் கொடுத்தால் மருந்து நெஞ்சுக்குப் போகாது. முடிந்ததும் முகத்தைத் துடைத்து, தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். ஸ்பேசரைச் சவர்க்கார நீரில் அலசி, துடைக்காமல் அப்படியே காற்றில் உலர விடுங்கள்; சீலையால் துடைத்தால் உட்சுவரில் நிலைமின் ஏறி மருந்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

ஒன்றைக் கேட்காமல் விட முடியாது: இருமல் முதன்முதலில் திடீரென்று, சாப்பிடும்போது அல்லது விளையாடும்போது தொடங்கியதா? கச்சான் விதை மூச்சுக்குழாயில் சிக்கினாலும் மாதக்கணக்கில் இருமலும், ஒரு பக்கத்து இழுப்பும் வரும். அப்படி ஞாபகம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஐந்து வயது வரை முழுக் கச்சான் கொடுக்க வேண்டாம்.

வாசகர், திருகோணமலை (வயது 29): பேக்கரியில் 6 வருடமாக மா பிசைகிறேன். தும்மல், இரவில் இருமல். ஃபீனோ 18, தொய்வு இல்லை என்கிறார்கள். ஆனால் ஊருக்குப் போய் நின்றால் சுகமாகிறது.

கடைசி வரிதான் முக்கியம். கோதுமை மாத்தூளாலும், பாணுக்குச் சேர்க்கும் நொதியங்களாலும் வரும் தொய்வு நெடுங்காலமாக அறியப்பட்டது. குறைந்த ஃபீனோ தொய்வை மறுக்காது. இயோசினோபில் இல்லாத தொய்வும் இருக்கிறது. லீவில் நின்று ஒரு வாரம் கழித்து ஊதினீர்களா என்பதும் தெரிய வேண்டும்.

உங்களுக்கு வேண்டியது பீக் ஃபுளோ குறிப்பு, ஆனால் மற்றவர்களைப்போல் நாளுக்கு இரண்டு தடவை போதாது. குறைந்தது 4 தடவை, மூன்று நாலு வாரம், வேலை நாளும் லீவு நாளும் கலந்து வரும்படி எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே நேரம், அன்று மா கொட்டினீர்களா, போறணையில் நின்றீர்களா, நீல இன்ஹேலர் எடுத்தீர்களா என்று குறியுங்கள். இரவு வேலை என்றால் ‘காலை’, ‘மாலை’ என்று எழுதாமல் கண்விழித்த நேரத்திலிருந்து கணக்கிடுங்கள். வேலை நாளில் சரிந்து, லீவில் ஏறும் கோடு தெரிந்தால் மார்பு நோய் மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்கு முன் வேலையை விட்டுவிட வேண்டாம். விட்டபின் அளப்பதற்கு ஒன்றும் இருக்காது. அதுவரை மாவை உயரத்திலிருந்து கொட்டாமல், மூட்டையை உதறாமல், தரையைக் கூட்டுவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைத்தால் தூள் நன்றாகக் குறையும். துணி முகக்கவசம் இதற்குப் போதாது. என்95 தரம் வேண்டும்.

வாசகி, தம்பலகாமம்: இன்ஹேலர் தொடங்கும்போது ஃபீனோ 62. மூன்று மாதத்தில் 21. இனி மருந்தை நிறுத்தலாமா?

நிறுத்த வேண்டாம். 21 என்பது மருந்து வேலை செய்வதற்கான அடையாளம். 50க்கு மேல் இருந்த ஒருவருக்கு 20 சதவீதத்துக்கு மேல் இறங்கினாலே உண்மையான மாற்றம் என்று எடுப்பார்கள். உங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு இறங்கியிருக்கிறது. நல்ல செய்தி. மருந்தை விட்டால் சில வாரத்தில் பழைய இடத்துக்கே ஏறும். நோய் 3 மாதம் அடங்கியிருந்து, மூச்சளவும் சீராக நின்றால் டொக்டர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார், முழுதாக விடமாட்டார். தம்பலகாமத்தில் அறுவடையும் நெல் தூற்றலும் நடக்கும் மாதத்தில் குறைக்கத் தொடங்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். அடுத்த அளவை எடுக்கும்போது அதே கருவியில், ஏறக்குறைய அதே நேரத்தில் எடுத்தால்தான் 21ஓடு ஒப்பிட முடியும்.